கொள்ளைநோயும் தற்கொலைக் கணக்கும்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர், நோயால் மாண்டோரின் தொகையைச் சொல்லிக் கணக்கை முடித்துவிடுவது வழக்கம். 1918ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நம் நாட்டில் புகுந்த இன்ஃபுளுயன்சாக் காய்ச்சல், ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை பெருகாமல் குறைந்தது. இவையெல்லாம் நூல்களில் உள்ளன. நோய்க்குத் தப்பிய பின்னும் வாழ வகையறியாது தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோரைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

ஐரா வாசர்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1992இல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். 1910 முதல் 1920 வரையிலான தம் நாட்டுக் கணக்குகளை ஆராய்ந்து, முதல் உலகப் போர் தற்கொலையைப் பெருக்கவில்லை, காய்ச்சலே பெருக்கிற்று என்று அவர் முடிவு கூறினார். போர்க்காலத்தில் சமுதாயம் தன்னுள் நெருங்கிக்கொள்கிறது. ஆதலின் தற்கொலை குறைகிறது என்று பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம் 1897இலேயே எழுதியிருந்தார். கொள்ளைநோயோ மனிதரை மனிதரிடமிருந்து பிரித்து வைக்கிறது.

நூறாண்டு கழித்துக் கொரோனா வந்தபோது உலகம் இதே கேள்வியை மீண்டும் கேட்டது. 21 நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோய் பரவிய முதற் சில மாதங்களில் தற்கொலை கூடவில்லை என்று தெரிவித்தது. அவை யாவும் வசதியுள்ள நாடுகளும் நடுத்தர நாடுகளுமே. இந்தியா அவற்றுள் இல்லை. ஜப்பானிலும் முதலில் எண்ணிக்கை இறங்கிற்று. பின்னர், 2020 ஜூலை முதல் ஏறத் தொடங்கிற்று. 2019இல் 20,169 ஆக இருந்த அந்நாட்டுத் தொகை 2020இல் 21,081 ஆயிற்று. ஆடவர் தொகை ஏறக்குறைய மாறாதிருக்க, பெண்கள் தொகையே உயர்ந்தது. அச்சம் மிகுந்திருந்த நாட்களில் தாங்கிக்கொண்ட உள்ளங்கள், அச்சம் பழகிப்போன நாட்களில் தளர்ந்தன என்பதே இதிற் புலப்படுவது.

நம் நாட்டின் நிலை யாது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகளின்படி, 2019இல் தற்கொலையால் இறந்தோர் 1,39,123 பேர். 2020இல் 1,53,052, 2021இல் 1,64,033, 2022இல் 1,70,924. கொரோனாவுக்கு முந்திய ஈராண்டுகளிலேயே இத்தொகை ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ஏற்றம் முழுவதையும் நோயின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் 2019இல் நூற்றுக்கு மூன்றரை அளவில் இருந்த ஏற்றம், 2020இல் நூற்றுக்குப் பத்து ஆனதைப் புறக்கணிக்கவும் இயலாது. தமிழ்நாட்டில் 2019இல் 13,493 ஆக இருந்தது 2020இல் 16,883 ஆகவும், 2021இல் 18,925 ஆகவும் உயர்ந்தது.

இறந்தோர் யாவர் என்று பார்த்தால், அன்றாடக் கூலி பெறுவோரே முதலிடத்தில் நிற்கின்றனர். 2019இல் 32,563, 2020இல் 37,666, 2021இல் 42,004. நான்கில் ஒருவர் தினக்கூலி!

இதனை விளங்கிக்கொள்ளச் சென்னையின் கோடம்பாக்கத்தைப் பார்த்தால் போதும். ஆர்க்காட்டு நவாபின் குதிரைத் தோட்டம் இருந்தமையால் ‘கோடா பாக்’ என வழங்கிக் கோடம்பாக்கம் ஆயிற்று எனச் சொல்வோர் உண்டு. பின்னாளில் அது திரைப்படத்தின் ஊராயிற்று. அதன் உழைப்பாளரான லைட்மேன்கள், துணை நடிகர்கள், தையற்காரர்கள், தச்சர்கள், சமையற்காரர்கள் ஆகியோருள் பெரும்பாலோர் அன்றைய படப்பிடிப்புக்கு அன்றைய கூலியும் பேட்டாவும் பெறுபவர்கள். 2020 மார்ச் 19ஆம் நாள் படப்பிடிப்புகள் நின்றன. சில நாட்களில் ஊரடங்கு வந்தது. மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. கோடம்பாக்கம் மண்டலம் நகரில் நோய் மிகுந்த பகுதிகளில் ஒன்றாயிற்று. திரைப்படப் படப்பிடிப்புக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது செப்டம்பரில். அதுவும் 75 பேருக்கு மேற்படாமல். திரையரங்குகள் திறந்தது நவம்பர் 10ஆம் நாள். இடையில் தொழிலாளர் சம்மேளனமும் நடிகர்களும் அரிசியும் பணமும் வழங்கினர். 2021 மே மாதத்தில் ஊரடங்கு திரும்பியபோது, முந்திய ஆண்டின் கடனே தீராதிருந்த வீடுகள் பல.

சென்னை நகரின் கணக்கு இங்கு நினைக்கத்தக்கது. 2019இல் 2,461, நோயின் முதலாண்டாகிய 2020இல் சற்றுக் குறைந்து 2,430, 2021இல் 2,699. எல்லாரும் ஒருங்கே அடைபட்டுக் கிடந்த ஆண்டில் ஒருவர் துயர் எல்லார் துயராயிருந்தது, உதவியும் வந்தது. பிறர் எழுந்து நடக்கத் தொடங்கிய பின் எழ முடியாமற் போனவனின் துயரோ அவனுக்கே உரியதாயிற்று. எண்களிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே: நோய் தணிந்ததும் உதவிக் கரங்களை மடக்கிக்கொள்ளலாகாது.

இவ்விடத்து நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தற்கொலையை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை அறியாதார் நம்மில் இலர். தடுத்திருப்பதனாலேயே அது நம் வீட்டில் நேராது என்றிருப்பது பிழை. உள்ளம் சோர்ந்தவர் பழிக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கின்றனர். இழப்புற்ற வீட்டாரோ அண்டையாரின் ஏச்சுக்கு அஞ்சிக் கதவடைத்துக்கொள்கின்றனர். சட்டமே இன்று மாறிவிட்டது. முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதிப் பேண வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. சட்டம் காட்டும் இரக்கத்தில் நாம் பின்தங்கலாமா?

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய ‘சினேகா’, துயருற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பதையே தொண்டாகக் கொண்டுள்ளது. அரசின் 104, 14416 என்னும் தொலைபேசி எண்களிலும் ஆறுதலும் ஆலோசனையும் பெறலாம். தேசியத் தொகை 2023இல் 1,71,418. முந்திய ஆண்டுகளின் ஏற்றம் ஏறத்தாழ நின்றிருக்கிறது. ஆனால் 2019இன் அளவுக்கு அது இறங்கவில்லை. நோயின் பெயரைச் செய்தித்தாள்கள் மறந்துவிட்டன. அது விட்டுச்சென்ற கடனும் தனிமையும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவ்வீடுகளின் கதவைத் தட்டி நலம் விசாரிப்பது, அண்டையில் வாழும் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.