கடல் கடந்த குரல்கள்

மனிதன் பிறந்த ஊரை விட்டுப் புறப்படும்போது கையோடு கொண்டு போகக்கூடியவை மிகச் சிலவே. மாற்றுத் துணி, சிறிது பணம், ஒரு சாமி படம் அல்லது செபமாலை. இவற்றோடு எடையில்லாத ஒன்றையும் அவன் சுமந்து செல்கிறான். அது அவனுடைய மொழி. துணி கிழியும், பணம் கரையும். மொழியோ பேசவும் கேட்கவும் ஆள் உள்ளவரை வாழும். ஆளற்ற இடத்தில் மெல்லத் தேயும். அந்தத் தேய்வைத் தடுத்து நிறுத்த இருபதாம் நூற்றாண்டு தந்த கருவிகளுள் வானொலிக்குத் தனியிடம் உண்டு. புலம்பெயர்ந்தோர்க்கு வானொலி செய்த தொண்டின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

குரல் எட்டாத காலம்

விழிதியூர் முதலிய சிற்றூர்களைத் தன் மடியில் கொண்ட காரைக்கால், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மனிதரை ஏற்றுமதி செய்த துறைமுகமாகவும் விளங்கியது. 1853-ஆம் ஆண்டு 'ஓரேலி' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை மார்த்தினிக் தீவில் இறக்கிற்று. அடுத்த ஆண்டு அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் ஆள்களைக் கொண்டு சென்றது. 1880-களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறியவர்கள்.

அவர்களுடைய மொழி என்ன ஆயிற்று? பேரப்பிள்ளைகள் காலத்தில் கிரியோல் மொழியே வீட்டு மொழியாயிற்று. பள்ளிக்கூடம் பிரெஞ்சில் பேசியது. தமிழ், வழிபாட்டுப் பாடல்களில் மட்டும் ஒதுங்கியது. அவற்றையும் பொருள் அறியாமலே வாய்வழியாகக் காத்து வந்தனர். வானொலி இல்லாமையே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும். ஊருக்குத் திரும்பும் வழியின்மை, தமிழ்ப் பள்ளியின்மை, சிதறிய குடியிருப்பு எனக் காரணங்கள் பல. ஆயினும் அவற்றின் விளைவு ஒன்றே: புறப்பட்ட கரையிலிருந்து ஒரு சொல்கூட அவர்களை எட்டவில்லை.

குரல் எட்டிய காலம்

மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களின் கதை வேறு. நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா' போன்ற கப்பல்கள் அவர்களைத் திரும்பவும் கொண்டுவந்தன. தோட்டப் பள்ளிகள் இருந்தன. 1935 முதல் 'தமிழ் முரசு' இருந்தது. அவற்றோடு வானொலியும் சேர்ந்துகொண்டது.

ஆனால், அந்த வானொலி அன்பினால் மட்டும் பிறந்ததன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 1946-இல் தோன்றிய மலாயா வானொலி, 1948-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின் ரப்பர்த் தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்படுவதைக் கண்டது. கம்யூனிஸ்டு கெரில்லாக்களின் பக்கம் மக்கள் சாயாதிருக்க வேண்டும் என்பதே அரசின் நோக்கம். பால்மரம் வெட்டிக் களைத்து வந்த தொழிலாளியோ, அரசு சொன்னதோடு தன் மொழியையும் கேட்டான். இலண்டன் பிபிசி 1941 மே 3-ஆம் நாள் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியதும் போர்க்காலத் தேவையினாலேயே. பின்னர் சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். போர் முடிந்தும் அந்த ஓசை ஓயவில்லை.

இலங்கையின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. கொழும்பில் 1925 டிசம்பர் 16-ஆம் நாளே முறையான ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைவீரர்க்காக அங்கு நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை நிலையம், 1949-இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு மலர்ந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணையைத் தாண்டி நம் கடற்கரை வீடுகளுக்குள்ளும் உறவினரைப்போல் நுழைந்தன. 'பொங்கும் பூம்புனல்' கேட்டு விடிந்த காலைப்பொழுதுகளை நம் பகுதியின் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

பாட்டைவிடவும் நம் நெஞ்சைத் தொடுவது அவ்வானொலியின் மரண அறிவித்தல். இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர். அன்னார் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மைத்துனர் என நீளும் உறவு வரிசை. இறுதிச் சடங்கின் நாளும் நேரமும். தந்தி போய்ச் சேராத சிற்றூர்க்கும் மலைத் தோட்டத்துக்கும் அச்செய்தி காற்றில் போய்ச் சேர்ந்தது. சிதறிக் கிடந்த ஒரு குடும்பம், அந்தச் சில நொடிகளில் ஒரே முற்றத்தில் கூடிற்று. பிற்காலத்தில் போரினால் துரத்தப்பட்டு இலண்டனுக்கும் டொரன்டோவுக்கும் சென்ற ஈழத் தமிழர், தாங்கள் தொடங்கிய வானொலிகளிலும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. ஏட்டில் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாத அம்மக்களை, வானொலி 'அன்பான நேயர்களே' என்று விளித்தது. சட்டம் தர மறுத்த முகவரியை ஒரு குரல் தந்தது என்றால் அது மிகையன்று. அதே வேளையில், குரலால் மட்டும் உரிமை திரும்பிவிடவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

எழுத்தில்லாதோர்க்கும் ஒலி உண்டு

தமிழர்க்கு வானொலி இல்லாவிடினும் ஏடு இருந்தது. ஏடும் இல்லாத மக்களுக்கு? லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மோங் இன மக்களின் மொழி நெடுங்காலம் வாய்மொழியாகவே வாழ்ந்தது. இன்று அவர்களிடையே பரவலாக வழங்கும் உரோமன் எழுத்துமுறை 1950-களின் தொடக்கத்தில்தான் உருவாயிற்று. அதை உருவாக்கியோருள் ஒருவர் இவ் பெர்த்ரே என்னும் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு. மற்ற இருவரும் சீர்திருத்தச் சபையினர். 1975-இல் லாவோஸில் ஆட்சி மாறியபின் மோங் மக்கள் மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் ஓடினர். மினசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய முதியோர்க்கு ஆங்கிலப் பத்திரிகை பயன்படவில்லை. தாய்மொழி வானொலியே பயன்பட்டது. மருத்துவமனை, பள்ளி, சட்டம், பனிக்காலம் ஆகிய அனைத்தையும் அவர்கள் காதால் கற்றனர்.

1969-இல் மணிலாவில் தொடங்கப்பட்ட வேரித்தாஸ் ஆசிய வானொலி, தமிழில் ஒலித்தது போலவே மோங் மொழியிலும் ஒலித்தது. பெருமொழிக்கும் சிறுமொழிக்கும் ஒரே கோபுரத்தில் இடமிருந்தது.

அலை ஓய்ந்த பின்

2017-இல் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. 2018-இல் வேரித்தாஸின் சிற்றலையும் ஓய்ந்து, அதன் பணி இணையத்துக்கு மாறியது. இன்று பாரிசில் வாழும் காரைக்கால் மகன் ஊரில் உள்ள தாயின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்தே பேசுகிறான். இது பெரும்பேறு, இதைக் குறைகூறல் தகாது. ஆயினும் கைப்பேசி ஒருவரை ஒருவரோடு இணைக்கிறது. வானொலியோ ஒரு சமூகத்தை ஒரே நேரத்தில் ஒரே செய்திக்குச் செவிசாய்க்க வைத்தது. பக்கத்து வீட்டில் அதே குரல் ஒலிக்கிறது என்னும் உணர்வே, அயல்நாட்டில் தனித்திருந்தவனைத் தாங்கியது.

இவ்வரலாறு நம்மிடம் ஒரு கேள்வியையும் வைக்கிறது. ஒரு காலத்தில் ஆள் அனுப்பிய நம் டெல்டா, இன்று ஆள்களை வரவேற்கிறது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் நம் வயல்களில் நாற்று நடுகிறார்கள். நம் வீடுகளுக்குச் சுவர் எழுப்புகிறார்கள். மருந்துச் சீட்டும் கூலிக் கணக்கும் புயல் எச்சரிக்கையும் அவர்களுக்கு எம்மொழியில் சொல்லப்படுகின்றன? மலாயாத் தோட்டத்தில் ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றவர்கள் நம் பாட்டன்மார். அவர்களை நினைத்துப் பெருமூச்சு விடும் நாம், நம் வாசலில் நிற்கும் அயலானிடம் அவன் மொழியில் ஒரு சொல்லேனும் பேசக் கற்றுக்கொள்வோமா?