டைகாஸ்ட் மாடல் கார் சேகரிப்பு (சென்னை)

துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யும் சிறு கார்களைச் சேர்ப்பதும் மாற்றியமைப்பதும் இப்பொழுதுபோக்கு. பரவலான அளவு 1:64. லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1953-இல் மேட்ச்பாக்ஸையும், அமெரிக்காவின் மேட்டல் 1968-இல் ஹாட் வீல்ஸையும் கொண்டுவந்தன. இந்தியாவில் லியோ மேட்டல் தயாரித்த ஹாட் வீல்ஸ் கார்களின் தனித்த வண்ணங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள்.

சென்னையில் தேடல் பெரும்பாலும் தி.நகர், அடையாறு பொம்மைக் கடைகளில், கொக்கியில் தொங்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில் தொடங்கும். மயிலாப்பூர் வீடுகளில் நவராத்திரிக் கொலுவோடு அமைக்கும் ‘பார்க்’ எனும் பொம்மைப் பூங்காவின் சாலையில் இக்கார்கள் ஓடுவதும் பழைய வழக்கம். பலருக்கு முதல் சேகரிப்பே அதுதான்.

மாற்றியமைப்பில்தான் கைத்திறன் தெரியும். அடித்தட்டின் ரிவெட் தலைகளைத் துளையிட்டால் உடல், கண்ணாடி, இருக்கை எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவரும். ரிமூவரில் பழைய வண்ணத்தை உரித்து, எமரித் தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சுகளாக வண்ணம் ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர் பூட்டி, ரிவெட் இருந்த இடத்தில் சிறு திருகு முடுக்குவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லாக்கர் பூச்சு ஈரத்தால் வெளுத்துப் பூத்துவிடும். வெயில் காயும் மாதங்களே ஏற்றவை. கடற்காற்றில் சக்கரங்களின் இரும்பு அச்சும் துருப்பிடிக்கும்.

லியோ காலத்து அசல் வண்ணத்தை மட்டும் உரிக்காதீர்கள். போனால் அது திரும்ப வராது.