அரைப்பேர்

பதுளை மலைகளிலும் ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. குறித்த நிறைக் கொழுந்தைக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். கூலியே மனிதனின் மதிப்பாகிவிட்ட கொடுமையை இந்த ஒரு சொல்லே உரைக்கும். அப்படியானால், டவுன் சின்ட்ரோமுடன் பிறந்து, 'வேலைக்கு ஆகாது' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன பேர்? தாயும் தகப்பனும் மலைக்குப் போனபின் லயத்துக் காம்பராவே அதன் உலகமாகிவிடுகிறதே!

அத்தகைய பிள்ளைகளுக்கு உலகம் இட்ட பெயரின் வரலாறும் இழிவானதே. 1866-இல் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் இவர்களின் உடற்கூறுகளை விவரித்து எழுதினார். மனித குலத்தை இனவாரியாக உயர்வு தாழ்வு கற்பித்துப் பார்த்த ஏகாதிபத்தியக் காலம் அது. அவரும் இப்பிள்ளைகளை 'மங்கோலியர்' என்று வகுத்தார். 1959-இல் பாரிசில் லெஜ்யோன், மார்த் கோத்தியே, துர்ப்பேன் ஆகியோர் உண்மையை நிலைநாட்டினர்: 21-ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம். இனமுமன்று, முன்வினையுமன்று. மங்கோலிய நாட்டின் வேண்டுகோளின்பேரில் 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அப்பழைய பெயரைக் கைவிட்டது.

சர்க்கஸின் வரலாறும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. 1768-இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தைக்கு வகுத்த வட்டமே நவீன சர்க்கஸின் தொடக்கம். அடுத்த நூற்றாண்டில் அவ்வட்டத்தின் ஓரத்துக் கூடாரங்களில், உடலமைப்பில் மாறுபட்டோரைக் காசுக்குக் காட்டும் வணிகம் செழித்தது. 1880-களில் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய வணிகர் இந்தத் தீவின் மக்களையே யானைகளோடு சேர்த்து ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு நிறுத்தினார். வேடிக்கைப் பொருளாக நிற்பதன் வேதனை நமக்குப் புதிதன்று.

ஆனால் வரலாறு ஓரிடத்தில் நிற்பதில்லை. பெயரிடுவதில் பிழை செய்த அதே டவுன், தாம் நிறுவிய நார்மன்ஸ்பீல்டு இல்லத்தில் 1879-இல் ஒரு நாடக அரங்கையும் கட்டினார். இசையும் நாடகமும் இவர்களுக்கு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1997-இல் பெர்லினில் தோன்றிய 'சோனன்ஷ்டிக்' சர்க்கஸில் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களே கலைஞர்கள். எந்த வட்டத்தின் ஓரத்தில் இத்தகையோர் காட்சிப் பொருளாயினரோ, அதன் நடுவிலே அவர்கள் வித்தை செய்கின்றனர்! இது எளிதில் வந்ததன்று. இவர்களுக்குத் தசை தளர்ந்திருக்கும், மூட்டுகள் நெகிழ்ந்திருக்கும். ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கின்றனர். கழுத்தெலும்பு விலகும் அபாயம் உண்டாதலால், மருத்துவர் பார்த்த பின்னரே குட்டிக்கரணம் பழக்குவது முறை. கண்டு பழகி, பன்முறை செய்து தேறுவதே வழி.

இலங்கையில் இதற்கு நெருங்கிய முயற்சி நாடகத்தில் நிகழ்ந்தது. 2000-இல் சுனேத்ரா பண்டாரநாயக்கா முன்னின்று அமைத்த சுனேரா நிறுவனம், மாற்றுத்திறன் கொண்ட இளைஞரையும் பிறரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 1980-இல் லண்டனில் 'அமிச்சி' நடனக் குழுவைத் தொடங்கிய வுல்ப்காங் ஸ்டாங்கே இப்பணிக்கு ஊக்கமானார்.

கலை மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டு. இன்றோ 60-ஐ எட்டுகிறது. இதய அறுவையும், விடுதிச் சிறை ஒழிந்ததும் அதைச் சாதித்தன. நிறமூர்த்தம் மாறவில்லை, சமுதாயமே மாறியது. இலங்கையில் 1996-இன் 28-ஆம் இலக்கச் சட்டம் உண்டு, ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016-இல் ஏற்றும் இருக்கிறது. அச்சட்டம் லயத்துப் படியேறி வரவேண்டுமானால், மருத்துவமும் பள்ளியும் தோட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

அரங்கமோ நம்மிடமே இருக்கிறது. மாசியில் தப்பு முழங்க, ஊரே சூழ்ந்து நிற்க, காமன் கூத்து ஆடும் வெளி அது. துரையின் தராசில் அரைப்பேராக நின்றவர்கள் அங்கே மன்மதனாகவும் ரதியாகவும் முழு மனிதராய் எழுந்தார்கள். அந்த வட்டத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் விடுவோம். அரைப்பேரின் வலியை அறிந்த மக்கள், தம் பிள்ளைக்கே அரைப்பேர் போடலாமா?