கொம்பு ஊத வேண்டிய இடத்தில் குழல்

எந்தப் பகுதியை எந்த வாத்தியத்திற்குக் கொடுப்பது என்பது மேனாட்டு இசையில் தனிக்கலை. ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்பர். அதில் இசைமேதையின் விருப்பம் மட்டும் செல்லாது. குழாயின் நீளமும் குறுக்கே நிற்கும்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறியது. முதற் பகுதியில் ஒரு முழக்கத்தை ஹார்ன் என்னும் பித்தளைக் கொம்புகள் ஊதுகின்றன. அதே முழக்கம் பின்னர் வேறு சுருதியில் திரும்பும்போது, சீவாளி வைத்த மரக்குழலான பாசூன் அதை ஏற்கிறது. கம்பீரம் சற்றுக் குறையத்தான் செய்கிறது.

ஏன் இப்படி? அக்காலக் கொம்பு துளைகளோ வால்வுகளோ இல்லாத நீண்ட குழாய். அதனுள் காற்றுத்தம்பம் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 என்ற முழு மடங்குகளில்தான் நன்கு ஒலிக்கும். அகன்ற வாய்க்குள் கையை நுழைத்து இடைச் சுரங்களைப் பெறலாம். ஆனால் ஒலி மழுங்கும். வேறு நீளமுள்ள வளையத்தைப் பொருத்திச் சுருதியையே மாற்றலாம். அதற்கு வாசிப்பவருக்கு அவகாசம் வேண்டும்.

தம்பம் நீண்டால் சுருதி இறங்கும் என்பதை ஒத்ததிர்வுச் சோதனை செய்த மாணவர் அறிவர். நீளம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் அரைச்சுரம் இறங்கும். விரலை அழுத்தியவுடன் காற்றைத் துணைக்குழாய் வழியாகவும் சுற்றவிடும் வால்வுக்கு, ஸ்டோல்ஸல், ப்ளூமல் இருவரும் 1818இல் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றனர். 1835இல் பாரிஸில் ஆலெவி தம் ஆபெரா ஒன்றில் வால்வுக் கொம்புகளைச் சேர்த்தார்.

பிற்கால நடத்துநர்கள் சிலர் பீத்தோவனின் அந்த முழக்கத்தையும் கொம்புக்கே மாற்றினர். என் காதுக்கும் அது இனிக்கிறது. ஆயினும் அவர் எழுதி வைத்தது பாசூனுக்குத்தான்.