பிளீச்சிங் பவுடரின் பூர்வீகம்

புயல் ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும், பிள்ளைச்சாவடி போன்ற கடலோரக் குப்பங்களில் தெருவோரம் வெள்ளைக் கோடு இழுப்பார்கள். பிளீச்சிங் பவுடர். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வந்தால்தான் சுகாதாரத் துறை வந்து போனது என்று நமக்கு நம்பிக்கை. ஆனால் மருத்துவ வரலாற்றில் அந்தத் தூள் பெரிய பெயர் வாங்கியது தெருவில் அல்ல, டாக்டர்களின் கையில்.

1847, வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றைப் பார்த்தவர்கள் டாக்டர்களும் மாணவர்களும், மற்றதை மருத்துவச்சிகள். பிரசவக் காய்ச்சலில் டாக்டர்கள் வார்டில்தான் அதிகம் பேர் செத்தார்கள். அங்கே சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்களாம். ஹங்கேரியரான டாக்டர் செம்மல்வைஸுக்கு இது புரியாத புதிராக இருந்தது. மார்ச் மாதம் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவரின் கத்தி பட்டு இறந்தார். அதே காய்ச்சலின் அறிகுறிகள்! பிணத்தைத் தொட்ட கையோடு நேராகப் பிரசவம் பார்க்கப் போவது டாக்டர்கள்தானே, மருத்துவச்சிகள் இல்லையே?

மே மாதத்திலிருந்து குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில், அதாவது நம் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில், கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் நுழையக் கூடாது என்றார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆனது. சக டாக்டர்கள் மகிழ்ந்தார்களா? அவர்களில் பலருக்கு ரோஷம்தான் வந்தது. செம்மல்வைஸ் 1865இல் மனநல விடுதியில் இறந்தார்.

 

அதே குளோரின் 2022இல் காரைக்காலுக்கு வந்தது. வாந்திபேதி பரவி, சிலருக்குக் காலரா உறுதியாகி, ஜூலை 3 அன்று பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு 3 நாள் விடுமுறை. குடிநீர்த் தொட்டியில் போடும் குளோரின் உயிரைக் காக்கும்; தெருவோரக் கோடு பெரும்பாலும் கண்துடைப்பு.

தொட்டியை அரசு பார்த்துக்கொள்ளட்டும், கையை யார் பார்ப்பது? சாப்பிட்ட பிறகு குழம்பு வாசனை போகத் தேய்த்துக் கழுவுகிற நாம், சாப்பிடும் முன் விரல் நுனியை நனைப்பதோடு சரி. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். குளோரின் கரைசல் தோலைப் புண்ணாக்கும். நமக்குச் சாதாரண சோப்பே போதும். கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண் என்று 20 விநாடி தேய்த்தால் ஆயிற்று. சானிடைசர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: மீன் ஆய்ந்த கைக்கு அது சரிப்படாது, சோப்பும் தண்ணீரும்தான்.

(தொடரும்)