எச்.பி.வி. தடுப்பூசியும் மருத்துவ மாணவர்களும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸைத் தடுக்கும் ஊசி பற்றி, மருத்துவ, செவிலியர் மாணவர்களிடையே இந்தியாவில் நடந்த ஆய்வுகள் பலவும் ஒரே நிலையைக் காட்டுகின்றன: அறிந்தவர்கள் பலர், போட்டுக்கொண்டவர்கள் சிலர். ஆகவே குறை பாடத்தில் மட்டும் இல்லை. முதல் தடை விலை. 2022-இல் அனுமதி பெற்ற உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக், தனியார் சந்தையில் ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். 15 வயதைக் கடந்தவர்களுக்குத் தயாரிப்பாளர் சொல்வது மூன்று தவணை. விடுதி மாணவிக்கு இது பெரிய தொகை.

தமிழக அரசு 2025–26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது 14 வயதுச் சிறுமியருக்குத்தான். வயது கடந்த கல்லூரி மாணவிகள் போட்டால் என்ன, விட்டால் என்ன என்று கேட்கலாம். வைரஸ் தொற்றுமுன் போடுவதே சிறந்தது என்றாலும், 26 வயது வரை பயன் உண்டு. அதைவிட முக்கியமானது நம்பகம். தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி போன்ற பேரூரில் மகளை அழைத்துவரும் தாய், அரை மில்லிலிட்டர் மருந்தைப் பற்றி மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்கக்கூடிய முதல் கேள்வி, “நீங்க போட்டுக்கிட்டீங்களா?” என்பதே. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்கு எச்.பி.வி. ஊசி போட்ட திட்டத்தை எடுத்துக்காட்டி அஞ்சுவோரும் உண்டு. 2010-இல் நிறுத்தப்பட்ட அந்தத் திட்டத்தில் நேர்ந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்திட்டதோ உண்மையான தவறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியோடு இதையும் கல்லூரியில் சேரும்போதே இலவசமாகப் போடுவது அரசால் இயலாத காரியமல்ல.