நிசேயா பொதுச்சங்கம்: பரவலான தவறான கருத்துகள்

நிசேயா பொதுச்சங்கம் என்பது கி.பி. 325-இல் உரோமைப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அழைப்பின்பேரில், சின்ன ஆசியாவில் பித்தினியாவைச் சேர்ந்த நிசேயா நகரில் கூடிய ஆயர் பேரவையாகும். அந்நகரம் இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படுகிறது. கிறித்தவத் திருச்சபையின் முதல் பொதுச்சங்கமாக இது எண்ணப்படுகிறது. விவிலியத்தில் எந்த நூல்கள் இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்தது, மனிதராக மட்டுமே கருதப்பட்ட இயேசுவைக் கடவுளாக அறிவித்தது, கிறித்தவத்தை அரச மதமாக்கியது ஆகிய மூன்று செயல்கள் இச்சங்கத்தின்மீது ஏற்றிச் சொல்லப்படுகின்றன. மூன்றும் வரலாற்றுக்குப் பொருந்தாதவை. பல நூற்றாண்டுகள் நடந்த வாதங்களின் விளைவை ஒரு கூட்டத்தின் ஒரே முடிவாகச் சுருக்கிப் பார்ப்பதே இவை அனைத்துக்கும் அடியில் உள்ள பிழை.

சங்கம் பேசியவை

சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எவையும் கிடைக்கவில்லை. கதைகள் முளைக்க இந்த வெற்றிடம் இடம் தந்தது. ஆனால் சங்கம் எதைத் தீர்மானித்தது என்பதை அறிய மூன்று ஆவணங்கள் உள்ளன: விசுவாச அறிக்கை, 20 ஒழுங்கு விதிகள், எகிப்தியத் திருச்சபைக்கு ஆயர்கள் அனுப்பிய கடிதம். அலெக்சாந்திரியக் குரு ஆரியுசின் போதனை, எகிப்தில் மெலித்தியுஸ் தலைமையில் ஏற்பட்ட பிளவு, உயிர்ப்புப் பெருவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பவையே அக்கடிதத்தின் பொருள்கள். விதிகளோ நடைமுறைச் சிக்கல்களைப் பேசுகின்றன. தம்மைத் தாமே ஆண்மை நீக்கிக்கொண்டவரைக் குருத்துவத்தில் வைத்திருக்கலாமா, திருப்பணியாளர் வட்டிக்குக் கடன் தரலாமா, அலெக்சாந்திரியா, உரோமை, அந்தியோக்கியா ஆகிய நகரங்களின் ஆயர்களுக்கு உரிய அதிகாரம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று செபிப்பதா முழந்தாளிடுவதா என்பன போன்றவை அவை. வந்திருந்த ஆயர்கள் 318 பேர் என்ற மரபுக் கணக்கும் தொடக்க நூலில் ஆபிரகாமோடு போருக்குச் சென்றவர்களின் எண்ணிக்கையை ஒத்திருப்பதால் நிலைபெற்றது. சங்கத்தில் இருந்த செசரியா ஆயர் யூசேபியுஸ் 250-க்கு மேற்பட்டவர் என்றே எழுதுகிறார். அங்கே புனித நிக்கோலாஸ் ஆரியுசைக் கன்னத்தில் அறைந்தார் என்ற கதையும் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது.

திருமுறை நூல்கள்

மேற்சொன்ன மூன்று ஆவணங்களில் ஒன்றுகூட விவிலிய நூற்பட்டியல் எதையும் தரவில்லை. சங்கம் நூல்களைத் தேர்ந்தெடுத்தது என்ற கதையின் மூலம் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தொகுக்கப்பட்ட ஒரு கிரேக்கச் சங்க வரலாற்றில் உள்ளது. எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்து ஆயர்கள் செபித்ததாகவும், உண்மையானவை மேலே நிற்க, போலிகள் கீழே போய்விட்டதாகவும் அது சொல்கிறது. 1601-இல் அச்சேறிய இந்நூலின் கதையை 18-ஆம் நூற்றாண்டில் வோல்ட்டேர் கேலியோடு பரப்பினார். 2003-இல் வந்த டான் பிரவுனின் ‘த டா வின்சி கோட்’ புதினம் இதன் நவீன வடிவத்தைக் கோடிக்கணக்கான வாசகரிடம் கொண்டுசேர்த்தது. உண்மையில் நான்கு நற்செய்திகள் என்ற எண்ணிக்கையை 180-ஐ ஒட்டியே லியோன் ஆயர் இரனேயுஸ் வலியுறுத்தி எழுதிவிட்டார். மறுபுறம், நிசேயாவுக்குப் பின்னும் பட்டியல் முடிவடையவில்லை. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே வரிசைப்படுத்தும் முதல் ஆவணமாக அறியப்படுவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுசின் 367-ஆம் ஆண்டு விழாக்கடிதம். நிசேயா அறிக்கையின் உறுதியான ஆதரவாளரான நசியான்சு நகரக் கிரகோரி தந்த பட்டியலிலோ திருவெளிப்பாடு இல்லை. சிரிய மொழி விவிலியமான பெசித்தா 22 நூல்களோடுதான் வழங்கியது. சங்கம் ஆணையிட்டு முடித்த செய்தி என்றால் இவ்வேறுபாடுகளுக்கு வழியே இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். யூதித்து நூலை நிசேயா சங்கம் திருநூல்களில் ஒன்றாக எண்ணியதாகப் படிக்கிறோம் என்று விவிலிய மொழிபெயர்ப்பாளர் எரோணிமுஸ் ஒரு முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஆனால் சங்க ஆவணங்களில் இதற்குச் சான்று இல்லை. வேறொரு முன்னுரையில் எரோணிமுசே யூதித்தைத் திருமுறைக்கு வெளியே வைக்கிறார். சங்கத்தில் யாரேனும் அந்நூலை மேற்கோள் காட்டியிருக்கலாம் என்பதற்கு மேல் இக்குறிப்பு எதையும் நிறுவாது. இரண்டாவது மறுப்பு, கான்ஸ்டன்டைன் 50 விவிலியப் பிரதிகளைச் செய்து தரும்படி யூசேபியுசைக் கேட்ட செய்தி. அது கான்ஸ்டாண்டிநோபிளின் புதிய கோவில்களுக்கான தேவை. எந்த நூல்களைச் சேர்ப்பது என்று அரசன் சொன்னதாகச் செய்தி இல்லை. மன்னன் எரிக்க உத்தரவிட்டதும் ஆரியுசின் எழுத்துகளையே. ‘விலக்கப்பட்ட நற்செய்திகள்’ நிசேயாவில் எரிக்கப்பட்டன என்பதற்கு ஆதாரம் இல்லை.

கிறிஸ்துவின் இறைத்தன்மை

சங்கத்திற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிறிஸ்துவைக் கடவுளாக வழிபடும் வழக்கம் இருந்தது. இதற்குப் புறச்சான்று நிசேயா அமைந்துள்ள அதே பித்தினியாவிலிருந்து வருகிறது. அதன் ஆளுநர் பிளினி 112-ஐ ஒட்டிப் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளைப் போல் பாவித்துப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். அந்தியோக்கியா இஞ்ஞாசியாரின் கடிதங்களும் இயேசுவைக் கடவுள் என்றே அழைக்கின்றன. ஆரியுசும் இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. காலங்களுக்கு முன்பே தோன்றி, உலகம் உண்டாகக் காரணமாக இருந்தவர் மகன். ஆயினும் தந்தையால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்பதே ஆரியுசின் வாதம். சங்கம் அதை மறுத்து, மகன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. ஆகவே வழக்கு இறைத்தன்மை உண்டா இல்லையா என்பதன்று; அது எத்தகையது என்பதே. இழுபறி வாக்கெடுப்பு நடந்தது என்ற கூற்றும் பொருந்தாது. இறுதிவரை கையொப்பமிட மறுத்த ஆயர்கள் செக்குந்துஸ், தியோனாஸ் என்ற லிபியர் இருவரே.

திரித்துவக் கொள்கை முழுவடிவில் அங்கே பிறந்தது என்பதும் இதைப் போன்றதே. 325-ஆம் ஆண்டு அறிக்கை தூய ஆவியைப் பற்றி நம்புகிறோம் என்பதற்கு மேல் எதுவும் விரித்துரைக்கவில்லை. கப்பதோக்கிய இறையியலாளர்கள் அப்பகுதியை வளர்த்தெடுத்தார்கள். தமிழகக் கோவில்களிலும் ஆலயங்களிலும் நிசேயா அறிக்கை என்று இன்று சொல்லப்படுவது, 381-ஆம் ஆண்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் விரிவான வடிவமே.

பேரரசனின் பங்கு

வலுவான எதிர்வாதம் கான்ஸ்டன்டைனின் அதிகாரத்தை முன்வைப்பது. சங்கத்தைக் கூட்டியவர் அவர். மறுத்தவர்களை நாடுகடத்தியவரும் அவர். மனத்தயக்கத்தோடு கையொப்பமிட்டதை விளக்கி யூசேபியுஸ் தம் சபைக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. அதில் அரசனே ‘ஒரே பொருள்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தந்ததாகவும் சொல்கிறார். இந்த அழுத்தத்தை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அரச விருப்பமே கொள்கையை நிலைநாட்டியது என்றால், அடுத்த அரை நூற்றாண்டை விளக்க முடியாது. சங்கத்திற்கு முன் எழுதிய கடிதத்தில் இச்சர்ச்சையையே அற்பமானது என்று கருதிய கான்ஸ்டன்டைன், பின்னர் ஆரியுசைத் திரும்ப அழைத்தார். நிசேயாவின் பாதுகாவலர் அத்தனாசியுசை 335-இல் திரியர் நகருக்கு நாடுகடத்தினார். ஆரியுசின் நண்பரான நிக்கோமேதியா யூசேபியுசிடம் 337-இல் மரணப் படுக்கையில் திருமுழுக்குப் பெற்றார். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுஸ் காலத்தில் 359-இல் அரிமினும் சங்கத்தில் கூடிய சுமார் 400 ஆயர்கள், அரச நெருக்குதலால் நிசேயா சொற்களைக் கைவிட்ட அறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். கூட்டத்தின் அளவும் மன்னனின் ஆணையும் போதுமென்றால் வென்றிருக்க வேண்டியது அரிமினும்தான்.

அப்படியானால் இறுதி வெற்றியும் பேரரசன் தியோடோசியுஸ் கொடுத்ததுதானே என்று கேட்கலாம். 313-இல் கிறித்தவர்களுக்குக் கிடைத்தது வழிபாட்டு உரிமை மட்டுமே. நிசேயாக் கொள்கையைப் பேரரசின் சமயமாக்கியது தியோடோசியுசின் 380-ஆம் ஆண்டு ஆணை. கோவில்கள் யார் கையில் என்பதை அது மாற்றியது உண்மை. ஆனால் எதிர்த்தரப்பை ஆதரித்த அரசர்களின் காலத்தையும் தாண்டி, எகிப்திலும் மேற்கிலும் கப்பதோக்கியாவிலும் வாதத்தாலும் வழிபாட்டாலும் வேரூன்றியிருந்த கொள்கையையே அவர் ஆணை எடுத்துக்கொண்டது. பேரரசின் எல்லைக்கு வெளியே இவ்வேறுபாடு இன்னும் தெளிவு. உரோமை ஆணை செல்லாத பாரசீகத்தில், செலூக்கியா–தெசிபோன் பேரவை 410-இல் நிசேயாவின் அறிக்கையையும் விதிகளையும் ஏற்றது. ஆரியுஸ் தரப்புக் கொள்கையில் நின்ற விசிகோத்தியர் ஆண்ட ஸ்பெயினோ 589-இல் தொலேதோ சங்கத்தில்தான் அதை ஏற்றது.

ஆகவே நிசேயாவைத் தெய்விகத் தீர்ப்பு நாளாகப் பார்க்கும் பக்திக் கதையும், அரசியல் சதியாகப் பார்க்கும் ஐயவாதக் கதையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரண்டுமே சங்கத்திற்கு அது நடந்த ஆண்டில் இல்லாத முடிவதிகாரத்தைக் கொடுக்கின்றன. அந்த அதிகாரம் பிந்திய தலைமுறைகள் அதை மறுத்தும் விவாதித்தும் ஏற்றும் கொடுத்தது. நிசேயா எதைத் தீர்மானித்தது என்று அறிய விரும்புவோர், அதன் அறிக்கையோடும் 20 விதிகளோடும் 325-க்கும் 381-க்கும் இடைப்பட்ட 56 ஆண்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.